முளை அடித்த இடத்தில் மட்டும்

மூன்றடி மண் இல்லாத நிலத்தில் மூன்றடி மண் இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டேன். தெரியாமல் போடவில்லை, யாரும் ஏமாற்றியும் போடவில்லை. இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்த குழியை மூடச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் போட்டேன்.

தோண்டிப் போட்ட நிலத்தை மறுபடியும் மாடு மேயவும் பயிர் ஏறவும் பறவை இறங்கவும் தகுந்ததாக்கும் இந்த வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். எந்தப் புல் உப்புக் காற்றைத் தாங்கும், எந்த மாதம் விதைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது, நான் சொல்வதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே நான் செய்த தவறை மட்டும் எழுதுகிறேன். இதில் என்னை நல்லவனாகக் காட்டும் இடம் எதுவும் வராது.

எண்ணூரைத் தாண்டி மீஞ்சூர் போகும் ரயில் பாதைக்கும் கழிக்கும் நடுவில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் வடசென்னையில் கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மேடு போட மண் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த ஊரின் மேய்க்கால் புறம்போக்கிலிருந்து ஒரு தனியார் நிறுவனம் குத்தகைக்குச் சவுடு மண் எடுத்தது. மாடு மேய்ந்த இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் பள்ளம் விழுந்தது. எடுத்து முடிந்ததும் பழையபடி மேய்ச்சல் நிலமாக்கி ஊரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது குத்தகையின் நிபந்தனை. பள்ளத்தை அனல் மின் நிலையச் சாம்பலால் நிரப்புவது, அதன் மேல் மூன்றடி நல்ல மண் போடுவது, புல் விதைப்பது என்று திட்டம். திட்டத்தில் தவறில்லை. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

மூன்றடி என்பதை ஏதோ சடங்குக்காக நாங்கள் எழுதவில்லை. சாம்பலில் மாலிப்டினம் என்று ஒரு பொருள் இருக்கும். செடிக்கு அதனால் கெடுதல் இல்லை, வேர் எட்டினால் தாராளமாக உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் செடியைத் தின்னும் மாட்டின் உடம்பில்தான் அது வேலையைக் காட்டும். தாமிரச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். மாடு ஓயாமல் கழியும், இளைக்கும், மயிரின் நிறம் போகும், கடைசியில் எழுந்து நிற்காது. வேருக்கும் சாம்பலுக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரம்தான் அந்த மூன்றடி. கல்லூரியில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கியவன் நான்.

மண் போட்டு முடித்ததும் ஆழத்தை அளந்து சான்று கொடுப்பது எங்கள் அலுவலகத்தில் என் பொறுப்பு. என் சான்று இல்லாமல் நிலம் கைமாறாது.

இந்த வேலையில் எனக்கு முதல் பத்து வருடம் அதிகாரியாக இருந்தவர் ஆழம் பார்க்க ஒரு வழி வைத்திருந்தார். நிலத்தின் நடுவில் நிற்பார். ஒரு கால் செருப்பைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாக எறிவார். விழுந்த இடத்தில் தோண்டச் சொல்வார். ஒருமுறை செருப்பு கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சிரித்தார்கள். அவர் ஒற்றைக் காலில் செருப்போடு முள்ளுக்குள் நுழைந்து, அங்கேயே உட்கார்ந்து தோண்டவைத்தார். வெளியே வரும்போது பாதம் முழுக்க ரத்தம். "எங்கே தோண்டப்போறேன்னு எனக்கே தெரியக்கூடாது" என்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகு சில வருடங்கள் நானும் செருப்பு எறிந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். செருப்பு விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தால் கோணல்மாணலாக இருக்கிறது என்று தோன்றியது. சம தூரத்தில் முளை அடித்து, ஒவ்வொரு முளையடியிலும் துளை போட்டால் படம் புள்ளிக் கோலம் போல அழகாக வரும். அறிக்கையைப் புரட்டுகிறவர்கள் பாராட்டுவார்கள். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தப் பாராட்டுக்காகத்தான் செய்தேன்.

குத்தகை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் முனுசாமி. இனிமையான மனிதர். அளப்பதற்கு ஒரு வாரம் முன்பு வந்து கேட்டார்.

"சார், முளை எங்கெங்க வரும்னு முன்னாடியே அடிச்சிட்டீங்கன்னா பசங்களுக்கு மட்டம் வைக்க சுலபமா இருக்கும். உங்களுக்கும் வெயில்ல பேஜாரு இல்ல, ஒரே காலையில முடிச்சிகினு போயிரலாம்."

நியாயமான வேண்டுகோளாகத்தான் பட்டது. இருபது முளைகளையும் நானே நின்று அடித்துக் கொடுத்தேன்.

அளக்கும் நாளில் என்னோடு வந்தவர் தேவராஜ். வியாசர்பாடிக்காரர். ஆகர் என்று நாங்கள் சொல்லும் திருகுக் கோலை மண்ணில் இறக்குவதில் அவருக்கு ஈடு கிடையாது. கோல் இறங்கும் சத்தத்தை வைத்தே கீழே களிமண்ணா மணலா என்று சொல்லிவிடுவார். முளை முளையாகப் போனோம். முதல் முளை மூன்றடி ஓர் அங்குலம். அடுத்தது மூன்றடி இரண்டு அங்குலம். பதினான்கு முளைகள் வரை ஒரு குறை இல்லை. நான் எழுதிக்கொண்டே போனேன்.

பதினைந்தாவது முளைக்கு நடக்கும்போது தேவராஜ் பீடி பற்றவைக்க நின்றார். நின்ற இடத்தில் கோலை ஊன்றினார். ஊன்றிய கை பழக்கத்தில் ஒரு திருகு திருகியது. கோல் எதிர்ப்பில்லாமல் சரக்கென்று இறங்கியது. அவர் பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு கோலை உருவினார். மேலே ஒரு சாண் அளவுக்குச் செம்மண். அதற்குக் கீழே கோலின் திருகு முழுக்கச் சாம்பல்.

"இன்னா சார் இது?" என்றார். நான்கு எட்டு தள்ளிப் போய் இன்னொரு துளை போட்டார். அங்கேயும் சாம்பல். "முளைக்கு மட்டும் சோறு போட்டு வளத்துகீறானுங்க. மத்த எடம்லாம் பட்டினி."

எனக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். அடுத்த கணம் முனுசாமி எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

முனுசாமி தூரத்தில் பந்தல் போடுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஒப்படைப்பு விழா. ஊரார் பொங்கல் வைக்கப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். வடகிழக்கில் மேகம் கட்டியிருந்தது. இன்னும் ஒரு வாரத்துக்குள் விதை விழாவிட்டால் மழையைத் தவறவிடுவோம், ஒரு வருடம் போய்விடும். ஏற்கெனவே மூன்று வருடமாக மேய்க்கால் இல்லாமல் அந்த ஊர் மாடுகள் தண்டவாள ஓரத்தில் மேய்ந்து ரயிலில் அடிபட்டுக்கொண்டிருந்தன. லாரிகள் வேறு வேலைக்குப் போய்விட்டன, திரும்ப வர மாதக்கணக்காகும். காலையில்தான் எங்கள் மேலாளர் தொலைபேசியில், "இன்னிக்கு முடிஞ்சிரும்ல?" என்று இரண்டு முறை கேட்டிருந்தார்.

இவை எல்லாமே உண்மையான காரணங்கள். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். யாராவது ஒரு உறையை என் பையில் திணித்திருந்தால் நான் சுதாரித்திருப்பேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு காரணமும் நியாயமாக வந்து என் பக்கத்தில் நின்றது. மழை, மாடு, ஊர், விழா. எல்லாம் சேர்ந்து என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னது போலவே எனக்குக் கேட்டது.

"மூடிடவா சார்?" என்றார் தேவராஜ்.

"மூடு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலால் மண்ணைத் தள்ளி இரண்டு துளைகளையும் மூடினார், மேலே ஒரு மிதி மிதித்தார். மீதி ஆறு முளைகளிலும் அவர் கோலை இறக்கினார், நான் எழுதினேன். இருபதாவது முளையை முடித்ததும் ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். சராசரி ஆழம் மூன்றடி ஒன்றரை அங்குலம் என்று எழுதினேன். அந்த எண்ணில் பிழை இல்லை.

மழை நன்றாகப் பெய்தது. கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசால் செடியும் முழங்கால் உயரம் வந்தன. ஒரு மூலையில் பறவைகளுக்கென்று விட்ட குட்டையில் கொக்கும் நாமக்கோழியும் இறங்கின. அந்தப் பச்சையைப் படமெடுத்துப் பெரிதாக்கி அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். படத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். முளை அடித்த இருபது இடங்களில் புல் சாதாரணமாக இருந்தது, மற்ற இடமெல்லாம் அடர்ந்த கரும்பச்சை. வேர் சாம்பலைத் தொட்ட இடங்கள் அவை. அந்த அறையில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து நிலத்தைப் பார்வையிடப் போனபோது வரப்பில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். கன்னியம்மா என்று பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் துறைமுகத்தில் சுமை தூக்கி இடுப்பு முறிந்து வீட்டோடு கிடந்தவர். ஆறு மாடுகளும் ஒரு கன்றும் வைத்திருந்தாள். காலை ரயிலில் பால் கேனோடு போய் விம்கோ நகரில் டீக்கடைகளுக்கு ஊற்றிவிட்டு வருவாள். அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்த ஆறு மாடுகளால்தான்.

"நீதான் இந்தப் புல்லு வச்ச சாரா?"

"ஆமாம்மா."

"பாக்க சோக்கா கீது. மாடும் வேற எங்கியும் வாய வைக்க மாட்டுது, இதுக்குத்தான் ஓடுது. ஆனா துன்னதுலேந்து கழிஞ்சிகினே கீது சார். நிக்கவே இல்ல. வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். ஆறில் நான்கின் பின்பக்கம் பச்சையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. விலா எலும்பை எண்ணலாம்.

"இந்தச் செவலையப் பாரு. நல்ல ஸ்ட்ராங் டீ மாரி இருந்த மாடு. இப்ப இன்னாடான்னா பாலு ஜாஸ்தியா ஊத்துன டீ மாரி ஆயிடுச்சு. கருப்பியப் பாரு, கண்ணச் சுத்தி வெளுத்துகினு வருது, கண்ணாடி மாட்டுன கிழவி மாரி" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, "இன்னா நோவு சார் இது? நீ படிச்சவன்தான?" என்றாள்.

கண்ணைச் சுற்றிய அந்த வளையத்தைப் பார்த்த கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. புத்தகத்தில் படமாகவே போட்டிருந்தார்கள்.

"வயித்துப் பூச்சியா இருக்கும்மா" என்றேன். "பூச்சி மருந்து வாங்கிக் கொடுங்க."

முதல் பொய்யை ஜீப்பின் மேல் வைத்து எழுதினேன். இரண்டாவதை ஒரு மாட்டின் முதுகில் கை வைத்துக்கொண்டு சொன்னேன். இரண்டாவதுதான் கொடியது. முதல் பொய் சொன்னபோது எதிரே எந்த மாடும் இல்லை. இரண்டாவதைச் சொன்னபோது ஒரு மாடு எதிரே உயிரோடு நின்று என்னை நக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் போனபோது கருப்பி இல்லை. "மூணு நாளு எழுந்துக்கவே இல்ல சார். அப்பால போயிடுச்சு" என்றாள். வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவர், "யாரு, புல்லுக்கார சாரா? டீ போட்டுக் குடு" என்று குரல் கொடுத்தார்.

அன்று ராயபுரத்தில் இருந்த என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். இதற்கு மருந்து உண்டு. தாமிரம் கொடுத்தால் மாடு தேறும். கால்நடை மருத்துவரிடம் சொன்னால் அவர் 'இது எப்படி உங்களுக்குத் தெரியும்' என்று கேட்பார். அதனால் சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மண்ணடியில் தாமிரச் சத்துள்ள மயில்துத்தம் வாங்கி, வீட்டில் மாட்டுக்கு ஒரு பொட்டலமாக நிறுத்துக் கட்டினேன். என் மனைவி, "செடிக்கா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன்.

கன்னியம்மாவிடம் பொட்டலங்களைக் கொடுத்து, இது சத்து மருந்து, நிறையத் தண்ணீரில் கரைத்து வாரம் ஒரு முறை கொடுங்கள் என்றேன். "டாக்டர் கேட்டா சொல்ல வேண்டாம்" என்றும் சொன்னேன். இன்னும் சொல்ல வேண்டியது இருந்தது. அதற்குள் வரப்பில் முனுசாமியின் மோட்டார் சைக்கிள் வருவது தெரிந்தது. அவர் கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்று பின்பக்கமாகக் கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் மாடுகளின் கழிச்சல் நின்றது. கன்னியம்மா என் அலுவலகத்துக்கே வந்து ஒரு தூக்கு நிறையப் பால் கொடுத்துவிட்டுப் போனாள். அதைக் குடிக்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த முறை போனபோது கொட்டிலில் செவலையின் கன்று இல்லை.

"மாட்டுக்கு நல்லா கேட்டுச்சேன்னு கன்னுக்கும் ஒரு பொட்டலம் கரைச்சிக் குடுத்தேன் சார். ரெண்டு தபா. ரத்தம் மாரி ஒண்ணுக்குப் போச்சு, செத்துடுச்சு." குற்றம் சாட்டும் குரலே இல்லை. "நீ கன்னுக்கு வாணாம்னு சொல்லல. அதான்."

தாமிரம் அளவு மீறினால் அதுவே விஷம். சொல்ல விட்டுப்போனது அதுதான். ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பயந்து அந்த ஒரு வாக்கியத்தை நான் விழுங்கியிருந்தேன்.

நான் கத்தோலிக்கன். மறுநாள் காலை எங்கள் பங்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர் கடைசிவரை கேட்டார். பிறகு, "அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இங்க எதுக்கு முதல்ல வந்தீங்க?" என்றார். எனக்குப் பாவப் பரிகாரமான அபராத ஜெபம்கூடக் கொடுக்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நேராகக் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் மருத்துவரிடம் முளையிலிருந்து மயில்துத்தம் வரை சொன்னேன். அவர் ஊசி மருந்தைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். "நாலு மாசமா நான் இந்த ஊர் மாடுகளுக்குப் பூச்சி மருந்து எழுதிக்கிட்டிருக்கேன். நீங்க ஒரு வரி சொல்லியிருந்தா போதும்" என்றார்.  இருவரும் கன்னியம்மாவின் கொட்டிலுக்குப் போனோம்.

அவள் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் சொல்லி முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் குழிய மூடுனது யாரு?"

"என் ஆளு. நான் சொல்லித்தான்."

"அப்ப பூச்சி மருந்து?"

"அதுவும் பொய்தாம்மா."

அவள் கையிலிருந்த கயிறு தளர்ந்தது. "மூணு தபா குடுத்தேன்யா. கருப்பிக்கு அந்த மருந்தே புடிக்காது. மூஞ்சத் திருப்பிக்கும். நான் தாடையப் புடிச்சி இழுத்து வாய்க்குள்ள ஊத்துனேன்." செவலையின் தாடையைத் தடவினாள். "சாவப்போற மாட்ட ஏன் அப்படிப் படுத்துனேன்னு இப்பத்தான் தெரியுது."

அதுவரை என்னைச் சார் என்று அழைத்தவள் அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

அன்று மாலையே ரேஷன் கடை வாசலில் ஊரார் கூடினார்கள். எல்லோர் முன்பும் நின்று சொன்னேன். மேய்க்காலுக்கு மாடு ஓட்டாதீர்கள், முளை இருந்த இடம் தவிர எல்லாம் சாம்பல், சான்று கொடுத்தவன் நான் என்றேன். ஒருவர் செருப்பைக் கழற்றினார். இன்னொருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அடிவாங்கியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதுகூட எனக்காகத்தான் இருந்திருக்கும்.

பிறகு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். சாட்சியாகத் தேவராஜைக் கேட்டேன். "எனக்கு ரெண்டு பொண்ணு கீது சார். எத்தினி குழி வேணுமோ தோண்டித் தர்றேன். வாய மட்டும் தொறக்கச் சொல்லாத" என்றார். சொன்னபடியே இரண்டு நாள் எனக்காகத் தோண்டினார், கூலி வாங்கவில்லை. போட்ட துளைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு சாணுக்குக் கீழே சாம்பல். அந்த அளவுகளையும் கடிதத்தோடு இணைத்தேன்.

மேலாளர் என்னை நீண்ட விடுப்பில் அனுப்பினார், பிறகு விலகச் சொன்னார். இதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் மறு ஆய்வு நடந்த விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். நேர்மையான பையன், கடும் வெயிலில் தனியாக நின்று அளந்தான். எங்கே அளந்தான் தெரியுமா? பழைய அறிக்கையோடு ஒப்பிட வேண்டும் அல்லவா, அதனால் என் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே இருபது புள்ளிகளில் அளந்தான். இருபதிலும் மூன்றடி இருந்தது. 'முந்தைய சான்று சரியானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவன் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் வரைந்த அழகான படம் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது. புதிய மண் ஒரு லாரிகூட அந்த நிலத்துக்கு வரவில்லை.

மாடுகளுக்கு மட்டும் நல்லது நடந்தது. மருத்துவர் வாரம் தவறாமல் வந்து ஊசி போட்டார். மேய்க்காலுக்கு ஓட்டாமல் வைக்கோலும் வெளியில் அறுத்த புல்லும் போட்டார்கள். கன்னியம்மாவிடம் மீதியிருந்த ஐந்தில் ஒன்று போய்விட்டது, நான்கு தேறின. இரண்டு மாதத்தில் செவலைக்குப் பழைய நிறம் திரும்ப ஆரம்பித்தது. பால் குடிக்கத் தகுந்ததுதான் என்று மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

ஆனால் ரேஷன் கடை வாசலில் நான் சொன்னது அதற்குள் ரயிலேறிவிட்டது. காலை ரயிலில் கேனோடு ஏறும் அந்த ஊர்ப் பெண்களைப் பார்த்து, "சாம்பல் பாலு வருது, தள்ளி நில்லு" என்று யாரோ சொல்ல, பெட்டியே சிரித்ததாம். எண்ணூரிலும் விம்கோ நகரிலும் கடைகள் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றன. கன்னியம்மாவுக்கு மட்டுமல்ல, மேய்க்காலில் ஒரு நாளும் மேயாத மாடு வைத்திருந்தவர்களுக்கும் அதேதான்.

அவளுடைய பெரிய வாடிக்கை விம்கோ நகர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடை. நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒரு காலையில் அவளோடு ரயிலேறிப் போனேன். சலவை செய்த சட்டை, பையில் மருத்துவரின் தாள். அவள் இடுப்பில் நிறைந்த கேன்.

"வாக்கா, குந்து" என்று கடைக்காரர் பெஞ்சைக் காட்டினார். பதினோரு வருடப் பழக்கம். அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். பாக்கெட் பாலில் போட்ட டீ. அவள் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தாள்.

நான் தாளை நீட்டினேன். அவர் முழுவதும் படித்தார். பாய்லரின் ஆவியில் தாள் நனையாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"இது டாக்டரம்மா எழுதுனது. நீ யாரு சார்?"

சொன்னேன். அந்த நிலத்துக்குச் சான்று கொடுத்தவன், அது தவறு என்று ஊரில் சொன்னவன், இப்போது பால் நல்லது என்று சொல்ல வந்திருப்பவன்.

"ஓ, அந்த சார் நீதானா?" கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். கோபமே இல்லை. "எடம் நல்லாகீதுன்னு மொதல்ல கையெழுத்து போட்டதும் நீ. அப்பால அது கெட்டதுன்னு சொன்னதும் நீ. இப்ப பாலு நல்லாகீதுன்னு வந்து நிக்கிறதும் நீ. நான் எந்த உன்ன நம்பறது, சொல்லு?"

பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தாளை எடுத்து மடித்தேன்.

"அக்கா மேல எனக்கு ஒண்ணும் இல்ல சார். பச்சக் கொழந்தைங்களுக்கும் இங்கேருந்துதான் வாங்கிகினு போறாங்க. எனக்கு பயமா கீது. அவ்ளோதான்."

கன்னியம்மா டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாள். கிளாஸைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாள். "வர்றேன் தம்பி" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கேனை எடுத்தாள். நான் தூக்கி வருகிறேன் என்று கை நீட்டினேன்.

"உடு" என்றாள். "உனக்கு வெயிட்டு தெரியாது. சாய்ச்சிடுவ."

நடைமேடையில் கேனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரயில் வந்தபோது அவள் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன்பே அவளுடைய நான்கு மாடுகளும் அடிமாட்டுக்குப் போய்விட்டன. பால் மாடாக வாங்க அக்கம்பக்கத்து ஊர்களில் யாரும் தயாராக இல்லை. மருத்துவர்தான் எனக்குச் சொன்னார். லாரியில் ஏற்றும்போது செவலை மட்டும் முரண்டு பிடித்ததாம், அவ்வளவு பலம் வந்திருந்தது என்றார். நான்குமே நோய் தீர்ந்த மாடுகள்.